என் மகனுக்கு வல்லினம் வந்தது

என் மகன் மேலுதடும் அண்ணமும் (வாயின் மேல்கூரை) பிளந்து பிறந்தவன். 4-ம் மாதம் உதட்டுக்கும், 11-ம் மாதம் அண்ணத்துக்கும் ஆபரேஷன் ஆனது. பாலாடையில் கொடுத்த பால் மூக்கு வழியாக வருவது நின்றதும், எல்லாம் முடிந்துவிட்டது என்றே நினைத்தேன்.

இரண்டரை வயதில் அவன் அப்பாவையும் "அம்மா" என்றுதான் கூப்பிட்டான். காக்காவில் க வராது, தொண்டையில் ஒரு வெட்டு மட்டும் கேட்கும். மாமா, நெய் எல்லாம் தெளிவாக வரும். "வளர வளரச் சரியாகிடும்" என்றார்கள் சொந்தக்காரர்கள். ஓரிடத்தில் பலூன் ஊதச் சொன்னார்கள். ஆறு மாதம் ஊதினான்.

அப்புறம் பார்த்த ஸ்பீச் தெரபிஸ்ட் முதலில் காதைச் சோதிக்கச் சொன்னார். இந்தக் குழந்தைகளுக்கு நடுக்காதில் நீர் கோத்துக்கொள்வது சகஜமாம். காது நன்றாகவே இருந்தது. பிறகு ஒரு சின்னக் கண்ணாடியை அவன் மூக்குக்குக் கீழே பிடித்து, "பாப்பா சொல்லு கண்ணா" என்றார். கண்ணாடியில் ஆவி படிந்தது. வல்லினம் பேசும்போது அண்ணத்தின் பின்பகுதி எழும்பி மூக்கு வழியை அடைக்க வேண்டும். இவனுக்கு அடைக்கவில்லை. மெல்லினம் மூக்கில் பிறப்பது என்று பள்ளியில் படித்ததன் அர்த்தம் எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது.

பலூனைப் பற்றிக் கேட்டேன். ஊதிப் பழகினால் பேச்சு திருந்தாது என்றார். அந்த ஆறு மாதத்தை நினைத்தால் இன்னும் வருத்தம்தான்.

"க-வைத் தொண்டையில் வெட்டுறது பழக்கம்மா, பயிற்சியில மாத்தலாம். அண்ணம் எட்டலைன்னா பயிற்சியால முடியாது" என்றார். 4 வயதில், சொன்னதைத் திருப்பிச் சொல்லும் பக்குவம் வந்த பிறகு, மெல்லிய கேமராக் குழாயை மூக்கில் விட்டு, அவனைப் பேசவைத்து, சர்ஜனும் அவரும் சேர்ந்து பார்த்தார்கள். அழுதான், ஆனாலும் பேசினான். அண்ணம் எட்டவில்லை. மறுபடி ஆபரேஷன்.

புண் ஆறியதும் தெரபிஸ்ட் ப-வில் தொடங்கினார், உதடு கண்ணுக்குத் தெரியும் என்பதால். ஒரு மாலை வண்டியை நிறுத்திவிட்டு வந்தவரைப் பார்த்து "அப்பா" என்றான். அவர் நாலைந்து தடவை திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்டார்.

காக்கா மட்டும் அப்படியே இருந்தது. பழகிய தொண்டை சட்டென்று விடாது. தெரபிஸ்ட் அவனைக் குரலில்லாமல், ரகசியம் பேசுவதுபோல் சொல்லவைத்தார். அப்படிச் சொல்லும்போது அந்த வெட்டு வரவில்லை. அதிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் குரலைச் சேர்த்தோம். வீட்டில் தினமும் இரண்டு வேளை, பத்துப் பத்து நிமிஷம். க வர ஐந்து மாதம் ஆனது. இப்போது ச-வில் இருக்கிறோம்.