அழுத்தமானிக்குக் கையெழுத்துக் கேட்கும்போது

மலேசியாவின் சுங்கை சிப்புட் சுற்றுவட்டாரத் தோட்டங்களில், பிள்ளைகளைத் தலைக்கவசமின்றி மோட்டார் சைக்கிளின் முன்னால் உட்கார வைத்துக் கொண்டுபோகும் பழக்கம் இன்னும் விட்டபாடில்லை. விழுந்து தலையில் பலத்த அடிபட்ட பிள்ளையை ஈப்போவுக்குக் கொண்டுசென்றபின், மண்டையோட்டில் சிறு துளையிட்டு, தலைக்குள் இருக்கும் அழுத்தத்தை அளக்கும் அழுத்தமானியைப் பொருத்த மருத்துவர் ஒப்புதல் கேட்டால், பெற்றோர் பதறிப்போகிறார்கள். தீவிர சிகிச்சைப் பிரிவுத் தாதி என்ற முறையில் அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

மண்டையோடு விரிந்து கொடுக்காது. அதற்குள் இருக்கும் மூளை, இரத்தம், மூளைத் தண்டுவட நீர் ஆகிய மூன்றில் ஒன்று பெருத்தால் மற்றவை ஒதுங்கியாக வேண்டும். 1783இல் மன்றோ, 1824இல் கெல்லி என்ற மருத்துவர்கள் வகுத்த கருத்திலிருந்து வளர்ந்த விளக்கம் இது. ஒதுங்க இடமில்லாமல் போனதும் அழுத்தம் கிடுகிடுவென ஏறி, மூளைக்கு இரத்தம் போய்ச்சேர விடாமல் தடுக்கிறது. உச்சிக்குழி மூடாத கைக்குழந்தைக்கும் இந்த ஆபத்து உண்டு.

நினைவு எவ்வளவு இருக்கிறது என்பதை 3 முதல் 15 வரை மதிப்பிடும் கிளாஸ்கோ அளவுகோலில் 8 அல்லது அதற்குக் கீழே இருப்பது கடுமையான காயம். செயற்கை சுவாசத்திலும் மயக்க மருந்திலும் இருக்கும் அந்தப் பிள்ளை தலைவலி என்று சொல்லாது, அழாது. கண்மணி விரிவதைக் கண்டு நாம் விழித்துக்கொள்வதற்குள் மூளை நசுங்கத் தொடங்கியிருக்கலாம். அதற்கு முன்பே எச்சரிப்பது மானிதான். பாதரச அளவில் 20 மில்லிமீட்டருக்குக் கீழே அழுத்தத்தை வைத்திருப்பதே 2019ஆம் ஆண்டின் குழந்தைகளுக்கான வழிகாட்டுதல் கூறும் இலக்கு. ஏறினால் மயக்க மருந்தைக் கூட்டுவார்கள், 3 விழுக்காடு உப்புநீர் ஏற்றுவார்கள், குழாய்வழி மூளைநீரை வடிப்பார்கள். எதற்கும் அடங்காவிட்டால் மண்டையோட்டின் ஒரு பகுதியையே அகற்றுவதும் உண்டு.

பொலிவியாவிலும் எக்குவடோரிலும் 324 பேரிடம் நடந்து 2012இல் வெளியான ஆய்வில், மானியைக் கொண்டு சிகிச்சை பெற்றவர்கள், ஸ்கேனையும் உடல் பரிசோதனையையும் கொண்டு சிகிச்சை பெற்றவர்களைவிட மேலாகத் தேறவில்லை என்பதையும் மறைக்கக் கூடாது. ஆனால் அவர்கள் அனைவரும் 13 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள். சிறு பிள்ளைகளுக்கு அதையே தீர்ப்பாகக் கொள்ள என் மனம் ஒப்பவில்லை. மானி தானாக எதையும் குணப்படுத்துவதில்லை, அது காட்டும் எண்ணுக்கு உடனே செயல்பட ஆள் வேண்டும் என்பதே அதில் நான் கண்ட செய்தி. இரத்தக் கசிவு, கிருமித்தொற்று ஆகியவற்றுக்குச் சிறிதளவு வாய்ப்பு உண்டு. கையெழுத்திடுமுன் அவற்றைக் கேட்பது உங்கள் உரிமை.

கட்டிலருகே வரும் தாய் முதலில் செய்வது, பிள்ளையின் முகத்தைத் தன் பக்கம் திருப்புவது. கழுத்து திரும்பினால் அங்குள்ள இரத்தக்குழாய் நெருக்குண்டு, தலையிலிருந்து இரத்தம் இறங்குவது தடைப்பட, திரையில் எண் ஏறுவதை அக்கணமே காணலாம். தலைமாட்டை 30 பாகை உயர்த்தி முகத்தை நேராக வைத்திருப்பதற்கு அதுவே காரணம். கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகப் பேசுங்கள், அம்மா. எண் ஏறினால் சற்று நிறுத்தச் சொல்வோம், இறங்கியதும் மறுபடியும் பேசலாம்.