சான்றில் ஒரு வரி விடுபட்டதால் கைநழுவிய என் முதல் மணப்பெண்

கியோத்தோவில் மணப்பெண் அலங்காரம் செய்யும் ஒரு கடையில் தொழில் பழகினேன். இரண்டாண்டுப் படிப்பும், அரசுத் தேர்வின் எழுத்து, செய்முறைப் பகுதிகளும் தடையின்றி முடிந்தன. தேர்ச்சி பெற்றதுமே வேலை செய்யலாம் என்று நம்பியதுதான் என் பிழை. ஜப்பானின் 1957ஆம் ஆண்டு அழகுக்கலைஞர் சட்டப்படி, பெயர் பதிவேட்டில் ஏறிய பிறகே தொழில் செய்ய முடியும்.

பதிவுக்கு 9,000 யென் வருவாய் முத்திரை, மருத்துவச் சான்று, குடியிருப்புச் சான்று ஆகியவை வேண்டும். நகராட்சி அலுவலர் எதற்காக என்று கேட்காமலே குடியிருப்புச் சான்றை அச்சிட்டுத் தந்தார். நானும் படித்துப் பார்க்காமல் அனுப்பிவிட்டேன். குடும்பப் பதிவு இருக்கும் இடமான ‘ஹொன்செகி’, நாமாகக் கேட்டால்தான் அச்சான்றில் இடம்பெறும். பதிவுக்கு ஹொன்செகி எழுதிய அந்த வரி கட்டாயம். உறை அப்படியே திரும்பி வந்தது. விண்ணப்பிக்கப் போகிறவர்கள் ‘ஹொன்செகியுடன்’ என்று வாய்விட்டுக் கேளுங்கள். அலுவலகத்தை விட்டு வெளியேறும் முன் அந்த வரியைக் கண்ணால் பாருங்கள். மருத்துவச் சான்றுக்கும் காலவரம்பு உண்டு என்பதால், தாமதமானால் அதற்கும் மறுபடி அலைய நேரும்.

அந்த இடைவெளியில்தான், ‘தாய்ஆன்’ என்னும் நல்ல நாளில், நான் காத்திருந்த திருமணம் வந்தது. இக்காலத்து மணப்பெண்களில் பெரும்பாலோர் பொய்முடி அணிய, இவரோ ‘புங்கின் தகாஷிமாதா’ என்னும் மரபான மணக்கொண்டையைச் சொந்த முடியிலேயே போட்டுக்கொள்வதற்காக ஆண்டுக்கணக்கில் கூந்தல் வளர்த்திருந்தார். பக்கமுடியை நான் வாருவதாக ஏற்பாடு. “பதிவு முடியும்வரை சீப்பைத் தொடாதே” என்று கடையில் எனக்குத் தொழில் கற்பித்த ஆசிரியை கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அவர் சொன்னதே சரி. மெழுகெண்ணெய் மணக்கும் அறையில், ‘மொத்தோயுய்’ என்னும் காகிதக் கயிறுகளைத் தட்டில் ஏந்தி நின்றேன். கயிற்றின் ஒரு முனையைப் பல்லில் கடித்து அவர் வேர்முடிச்சை இறுக்கியதையும், முன்முடி, பக்கமுடி, பின்கழுத்து முடி எல்லாம் அந்த ஒரே முடிச்சில் வந்து சேர்ந்ததையும், ஆமையோட்டு அணிகளுக்கு மேல் ‘ட்சுனோகக்குஷி’ வெண்துணி சுற்றப்பட்டதையும் இமைக்காமல் பார்த்தேன்.

பதிவு முடிந்து, இலையுதிர் காலத்தில் எனக்கு ஒரு மணப்பெண் கிடைத்தார். வேர்முடிச்சை நானே கட்டினேன். சடங்கும் விருந்தும் முடிந்த மாலையில் ஆசிரியை அக்கயிற்றை அறுப்பதற்கு முன் முடிச்சை விரலால் அசைத்துப் பார்த்தார். அது நகரவில்லை.