க்ரீன் ஓரத்தில் சிப்பர்

கோல்ஃபில், குழி இருக்கும் வழவழப்பான புல்பரப்பான க்ரீனை ஒட்டிய குட்டைப் புல்லிலிருந்து பந்தை உருட்டுவதற்கென்றே செய்யப்பட்ட சிப்பர் மட்டையைப் பயிற்சித் திடலில் அடித்துப் பார்த்தேன். க்ரீனில் பந்தை உருட்டும் மட்டையான புட்டர் அளவு நீளமும், சாய்ந்த உலோகத் தலை கொண்ட அயர்ன் மட்டையைப் போல் சுமார் 35 டிகிரி சாய்ந்த முகமும் கொண்ட இதை, மணிக்கட்டை மடக்காமல் தோளால் மட்டும் அசைத்தால், பந்து முழங்கால் உயரம்கூட எழாமல் க்ரீனின் விளிம்பைத் தாண்டி விழுந்து, மீதித் தூரத்தை உருண்டே கடக்கிறது. அகலமான அடிப்பாகம் மண்ணில் குத்தாமல் புல்லின் மேல் வழுக்கிச் செல்வதுதான் இதன் பெரும் பலம். ஆனால் மணற்குழிக்கு மேலாகப் பந்தைத் தூக்க வேண்டிய இடத்தில் அதிகச் சாய்வுள்ள வெட்ஜ் மட்டைதான் உதவும்.

விதிப்படி சிப்பர் அயர்ன் வகையைச் சேர்ந்தது என்பதால், இருபுறமும் அடிக்கும் முகம் கொண்டதையோ, புட்டரைப் போன்ற தட்டையான பிடி உள்ளதையோ போட்டியில் பயன்படுத்த முடியாது; அனுமதிக்கப்பட்ட 14 மட்டைகளில் இதற்கும் ஓர் இடம் ஒதுக்கியாக வேண்டும். நான் தொலைதூர அடிக்கான 3-வுட் மட்டையை எடுத்துவிட்டு இதைப் பையில் வைத்திருக்கிறேன்.