வாயிலோயே, வாயிலோயே!

அமைதியான போராட்டங்களைப் பற்றிய இந்த அனுபவக் குறிப்புகளுக்கு "வாயிலோயே", அதாவது வாயிற்காவலனே, என்று பேர் வைக்கப் போகிறேன் என்றதும் முதலில் சிரித்தது என் மகள்தான். "போலீஸ்காரர் எழுதினா லத்தி, தொப்பி, லாக்கப்புன்னு வைப்பாங்க. நீங்க என்னப்பா, வாயில்லாப் பூச்சி மாதிரி ஒரு பேரு?" என்றாள். சிறப்பு சார்பு ஆய்வாளராக ஓய்வு பெற்றேன் என்றாலும் என் சர்வீஸில் பெரும்பகுதி டெல்டா பக்கத்து ஸ்டேஷன்களில் ரைட்டராகவே போய்விட்டது. லத்தியைப் பிடித்ததைவிடப் பேனாவைப் பிடித்ததுதான் அதிகம். அதனால் லத்தி என்று பேர் வைத்தால் அது பொய்.

ஸ்டேஷனுக்குள் நுழைந்தால் பாரா நிற்பவரைத் தாண்டியதும் வருகிற முதல் மேசை ரைட்டருடையது. யார் வந்தாலும் "ஏட்டய்யா, ஐயா இருக்காங்களா?" என்று கேட்டுக்கொண்டு அங்கேதான் நிற்பார்கள். ஐயா இருக்கிறாரா இல்லையா, இருந்தாலும் பார்ப்பாரா மாட்டாரா, பார்த்தால் என்ன மனநிலையில் பார்ப்பார் என்பதெல்லாம் அந்த மேசையில் இருப்பவனுக்குத் தெரியும். உள்ளே போய் இவன் என்ன சொல்கிறானோ அதை வைத்துத்தான் வந்தவரின் தலையெழுத்து. "ஒரு பொம்பளை வந்து கத்திக்கிட்டு இருக்குய்யா" என்று சொன்னால் ஒரு விதம். "புருஷனைக் காணோம்னு ஒரு அம்மா வந்திருக்காங்கய்யா, கையில போட்டோ வச்சிருக்காங்க" என்று சொன்னால் வேறு விதம்.

சிலப்பதிகாரத்து வழக்குரை காதை பள்ளிக்கூடத்தில் எனக்கு மனப்பாடப் பகுதி. வகுப்பில் எல்லோருக்கும் "தேரா மன்னா செப்புவது உடையேன்" பிடிக்கும், மேடையில் கைதட்டு வாங்குகிற வரி அது. எனக்கு அதற்கு முன்னால் வருகிற வாயிற்காவலன்தான் பிற்காலத்தில் ஒட்டிக்கொண்டான். கண்ணகி அரண்மனை வாசலில் நின்று "வாயிலோயே வாயிலோயே, அறிவறை போகிய பொறியறு நெஞ்சத்து இறைமுறை பிழைத்தோன் வாயிலோயே" என்று கூப்பிடுகிறாள். உன் ராஜா அறிவு கெட்டவன், முறை தவறியவன் என்று அவனுடைய காவல்காரன் முகத்துக்கு நேராகவே சொல்கிறாள். எங்கள் காலத்தில் ஒருவர் ஸ்டேஷன் வாசலில் நின்று முதலமைச்சரையோ மந்திரியையோ இப்படிச் சொல்லியிருந்தால், அடுத்த வேலையாக என்ன செக்‌ஷன் போடலாம் என்று யோசித்திருப்போம்.

அந்தக் காவலன் என்ன செய்கிறான் பாருங்கள். உள்ளே போய் முதலில் நாலைந்து "வாழி" போடுகிறான். அது எல்லா ஆபீஸிலும் உள்ளதுதான், "பழியொடு படராப் பஞ்சவ வாழி" என்று பழியே அண்டாதவன் ஆக்கிவிடுகிறான் ராஜாவை. அப்புறம் வந்தவள் கொற்றவை இல்லை, காளி இல்லை, தாருகனின் மார்பைக் கிழித்தவளும் இல்லை என்று யார் இல்லை என்பதைச் சொல்கிறான். "செற்றனள் போலும் செயிர்த்தனள் போலும்", ஆத்திரமாக இருப்பது மாதிரி தெரிகிறது. கையில் ஒரு சிலம்பு. "கணவனை இழந்தாள் கடையகத்தாளே." அவ்வளவுதான். அவள் திட்டியதை விட்டுவிட்டான், அவள் சொல்லச் சொன்ன விஷயத்தைக் குறையாமல் சேர்த்துவிட்டான். தனக்குத் தெரிந்தது இது, தன் ஊகம் இது என்று பிரித்தும் சொல்லிவிட்டான். ஸ்பெஷல் பிராஞ்ச்காரர்கள்கூட இவ்வளவு சுத்தமாக ரிப்போர்ட் கொடுத்து நான் பார்த்ததில்லை. ராஜாவும் "வருக மற்றவள் தருக ஈங்கு" என்று உடனே உள்ளே கூப்பிட்டுவிடுகிறான்.

தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்ற என் நண்பர் ஒருவர் இந்தப் பேரைக் கேட்டதும் மடக்கினார். "அமைதியான போராட்டத்தைப் பத்தி எழுதப்போறேங்கறீர், மதுரையைக் கொளுத்துனவளைப் போய்ப் பிடிச்சிருக்கீரே?" நியாயமான கேள்வி. ஆனால் வாசலில் நின்றபோது அவள் கையில் இருந்தது சிலம்பு. நெருப்பு பிறகுதான் வந்தது. அவள் புருஷனைப் பொற்கொல்லன் பேச்சைக் கேட்டு விசாரணை இல்லாமல் வெட்டியபோதே அந்த நெருப்புக்கு வேலை ஆரம்பித்தாகிவிட்டது. வாசலில் கேள்வி கேட்டதனால் ஊர் எரிந்தது என்று அந்தக் கதையைப் படிக்க என்னால் முடியவில்லை. நண்பர் சமாதானம் ஆகவில்லை. சரி, அவர் அப்படித்தான்.

போலீஸ் பயிற்சியில் சட்டவிரோதக் கூட்டம் என்றால் ஐந்து பேர், கலைக்க எச்சரிக்கை எப்படிக் கொடுப்பது, அப்புறம் என்ன என்பதெல்லாம் தலைகீழாகச் சொல்லிக் கொடுத்தார்கள். அரசமைப்புச் சட்டம் 19(1)(பி), அமைதியாகவும் ஆயுதமின்றியும் கூடுகிற உரிமை, அது ஒரு வகுப்பில் வந்து போனது. நாங்கள் நடைமுறையில் அறிந்தது 30(2). டெல்டா மாவட்டக்காரர்களுக்கு இது புதிதில்லை, "மாவட்டத்தில் 30(2) அமல்" என்று பேப்பரில் பதினைந்து நாளைக்கு ஒருமுறை வரும், முடிந்ததும் திரும்ப வரும். 1861ஆம் ஆண்டு போலீஸ் சட்டம் அது, வெள்ளைக்காரன் சிப்பாய்க் கலகத்துக்குப் பிறகு போட்டது. அந்தப் பிரிவை நிதானமாகப் படித்துப் பார்த்தால், கூட்டமோ ஊர்வலமோ நடத்துகிறவர் லைசென்ஸ் வாங்க வேண்டும், போலீஸ் நிபந்தனை போடலாம் என்றுதான் இருக்கும். கூட்டமே கூடாது என்று அதில் இல்லை. பொதுத் தெருவில் கூட்டம் நடத்துவதை ஒழுங்குபடுத்தலாம், ஆனால் அதிகாரி இஷ்டத்துக்கு மறுக்கிற மாதிரி விதி வைக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1972லேயே ஹிம்மத்லால் ஷா வழக்கில் சொல்லிவிட்டது. அகமதாபாத் வழக்கு அது. எங்கள் ஸ்டேஷன் வரைக்கும் அது வந்து சேரவில்லை.

நடைமுறை இப்படி. சங்கத்துக்காரர் மனு கொண்டுவருவார், இடம், நேரம், எத்தனை பேர், என்ன கோரிக்கை. ஸ்டேஷனிலிருந்து டி.எஸ்.பி.க்கு அறிக்கை போகும். அனுமதி என்றால் நிபந்தனைகள் நீளமாக இருக்கும், கூம்பு ஒலிபெருக்கி கூடாது, பெட்டி வகை மட்டும், போக்குவரத்துக்கு இடைஞ்சல் கூடாது, உருவ பொம்மை கூடாது. மறுப்பு என்றால் ஒரே வரிதான். "சட்டம் ஒழுங்கு பிரச்சினை ஏற்பட வாய்ப்புள்ளதால்." அந்த வரியை எத்தனை தடவை எழுதியிருப்பேன் என்று எனக்கே கணக்கில்லை. என்ன பிரச்சினை, யாரால் என்று எந்த மறுப்பிலும் இருக்காது.

ஒரு வருஷம் மேட்டூர் திறந்து பல நாளாகியும் கடைமடை வாய்க்கால் ஒன்றில் தண்ணீர் வரவில்லை. விவசாய சங்கச் செயலாளர் சைக்கிளில் வந்தார், மனுவோடு, சட்டைப்பையில் மடித்து வைத்த இன்னொரு பேப்பரும் இருந்தது. அதில் வாய்க்காலைக் கையால் வரைந்து, எந்த ஷட்டர் வரைக்கும் தண்ணீர் நிற்கிறது, அதற்குக் கீழே எந்தெந்த ஊர் என்று குறித்திருந்தார். இன்ஸ்பெக்டர் ஊருக்குப் புதிது. "30(2) இருக்குல்ல ஏட்டு? ரிஜெக்ட் போட்டு அனுப்பிடுங்க" என்றார். நான் சொன்னேன், "ஐயா, ஆபீஸ் வாசல்ல ஒரு மணி நேரம் கொடுத்துட்டோம்னா கோஷம் போட்டுட்டுப் போயிடுவாங்க. இல்லேன்னா மெயின் ரோட்டுல பஸ்ஸை மறிப்பாங்க, பள்ளிக்கூடம் விடுற நேரத்துல நாமதான் வெயில்ல நிக்கணும்." உரிமை, அரசமைப்பு என்றெல்லாம் பேசியிருந்தால் அந்த மனிதர் கேட்டிருக்க மாட்டார். வெயில் கேட்டது. அனுமதிக்குப் பரிந்துரை செய்த அறிக்கையில் "பல்வேறு கோரிக்கைகளை வலியுறுத்தி" என்று வழக்கமாக எழுதுகிற இடத்தில் அந்த ஷட்டர் விவரத்தை அப்படியே எழுதி, அவர் வரைந்த படத்தையும் நகல் எடுத்துச் சேர்த்தேன். "பல்வேறு கோரிக்கைகள்" என்கிற சொல்லைப் போல ஆளைக் கொல்கிற சொல் அரசாங்கத் தமிழில் வேறு கிடையாது.

ஆர்ப்பாட்டம் நடந்தது, நாற்பது ஐம்பது பேர், பாதிக்கு மேல் பெண்கள். தண்ணீர் அன்றைக்கே பாய்ந்துவிட்டது என்று கதை விட மாட்டேன். ஒரு உதவிப் பொறியாளர் வெளியே வந்து மனுவை வாங்கினார், ஷட்டர் பழுது என்று எல்லோர் முன்னாலும் ஒப்புக்கொண்டார். வந்தவர்கள் அதற்கே கலைந்து போனார்கள். ஒருவர் வெளியே வந்து காது கொடுத்தாலே பாதிச் சத்தம் அடங்கிவிடும் என்பதை பந்தோபஸ்துக்கு நின்ற எந்தக் காவலரும் சொல்வார், எழுத்தில்தான் சொல்ல மாட்டார்.

அனுமதி இல்லாமல் கூடினால் கல்யாண மண்டபம். வேனில் ஏற்றுவது, மண்டபத்தில் இறக்குவது, பெயர், தகப்பனார் பெயர், வயது, ஊர் என்று பட்டியல் எடுப்பது என் வேலை. இந்தப் பக்கம் பட்டியல் நடக்கும், அந்தப் பக்கம் மேடையில் மணமக்கள் உட்காருகிற இடத்தில் யாராவது நின்று உரையாற்றிக்கொண்டிருப்பார். மதியம் சாம்பார் சாதம் வரத் தாமதமானால் அதற்கும் ஒரு கோஷம் எழும், அதில் எங்கள் ஆட்களும் உள்ளுக்குள் சேர்ந்துகொள்வார்கள், ஏனென்றால் எங்களுக்கும் அதே அண்டாதான். சாயங்காலம் எல்லோரையும் விட்டுவிடுவோம், ஆனால் வழக்கு மட்டும் அப்போதைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 143 (சட்டவிரோதக் கூட்டம்), 188 (அதிகாரியின் உத்தரவை மீறுவது) என்று தங்கிவிடும். வருஷக்கணக்கில் கழித்துப் பாஸ்போர்ட்டுக்கோ அரசு வேலைக்கோ விண்ணப்பிக்கும்போது அது தலை நீட்டும். ஒரு பையன், கல்லூரியில் படிக்கும்போது பஸ் கட்டணத்துக்காகக் கூடியவன், பின்னால் என் மேசைக்கு முன்னால் அழாத குறையாக நின்றான்.

அதனால்தான் 2018 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் ஜீவானந்தம் வழக்கில் தந்த தீர்ப்பை நான் இரண்டு மூன்று தரம் படித்தேன். கரூர்ப் பக்கத்து வழக்கு. அமைதியாகப் போராடக் கூடியதாலேயே அது சட்டவிரோதக் கூட்டம் ஆகிவிடாது, 188இல் போலீஸ் தானாக எஃப்.ஐ.ஆர். போட முடியாது, உத்தரவு போட்ட அதிகாரியோ அவருக்கு மேலுள்ளவரோ எழுத்து மூலம் நீதிமன்றத்தில் புகார் கொடுக்க வேண்டும் என்றது. அது ஒன்றும் புதுச் சட்டமில்லை, குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் ஆரம்பத்திலிருந்தே எழுதியிருந்தது. நாங்கள் அத்தனை வருஷம் அதைப் புரட்டாமல் போட்டுக்கொண்டிருந்தோம். அதே வருஷம் மே 22ஆம் தேதிதான் தூத்துக்குடி. ஸ்டெர்லைட் ஆலைக்கு எதிரான போராட்டத்தின் நூறாவது நாள் என்று கலெக்டர் ஆபீஸை நோக்கி மக்கள் புறப்பட்டார்கள், துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் செத்தார்கள். நான் அங்கே பணியில் இல்லை, உள்விவரம் பேச எனக்குத் தகுதியில்லை. ஆனால் அன்று ராத்திரி எங்கள் ஸ்டேஷனில் யாரும் அதிகம் பேசிக்கொள்ளவில்லை என்பது நினைவிருக்கிறது.

வேதாரண்யம் பக்கம் வேலை பார்த்தபோது வைரப்பன் கதையைச் சொல்லி எங்களைக் கிண்டல் செய்வார்கள். 1930இல் ராஜாஜி திருச்சியிலிருந்து உப்பெடுக்க நடந்து வந்தபோது, நடந்து வருகிறவர்களுக்குச் சோறோ இடமோ கொடுத்தால் தண்டனை என்று தஞ்சாவூர் கலெக்டர் தார்ன் உத்தரவு போட்டிருந்தார். ஜனங்கள் சோற்றுப் பொட்டலத்தை மரத்தில் கட்டிவிட்டுப் போனார்களாம். வைரப்பன் சவரத் தொழிலாளி. பாதிச் சவரத்தில் எதிரே உட்கார்ந்திருப்பவர் போலீஸ் என்று தெரிந்ததும், மீதியைச் செய்ய மாட்டேன் என்று கத்தியை மடித்துவிட்டார். ஊரில் அவருக்கு நினைவுத்தூண் இருக்கிறது. பாதி முகத்தோடு எழுந்து போன அந்தக் காவலரைப் பற்றி யாரும் கேட்பதில்லை. அவருக்கும் அன்றைக்கு டியூட்டிதான்.

இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. மற்ற அரசு ஊழியர்களுக்கு அமைதியாக ஆர்ப்பாட்டம் செய்ய உரிமை உண்டு என்று 1962இல் காமேஸ்வர் பிரசாத் வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது, வேலைநிறுத்தம்தான் உரிமை இல்லை. எங்களுக்கு மட்டும், படைகளில் இருப்பவர்களின் உரிமைகளைக் குறைக்க இடம் தருகிற அரசமைப்பின் 33ஆவது உறுப்பு இருக்கிறது, அதை வைத்து 1966இல் போலீஸாருக்கென்றே ஒரு கட்டுப்பாட்டுச் சட்டம் இருக்கிறது. அனுமதி இல்லாமல் சங்கம் சேரக் கூடாது. ஊரில் நடக்கிற எல்லாப் போராட்டத்துக்கும் காவல் நிற்கிறவன் தன் லீவுக்காக ஒரு தட்டி பிடித்து நிற்க முடியாது. கட்டுப்பாடுள்ள படைக்கு அது தேவை என்பார்கள், ஓரளவு நானும் ஒப்புக்கொள்வேன். ஆயுதம் வைத்திருக்கிறவன் கூட்டமாகக் கோபப்படுவது நல்லதில்லைதான். ஆனால் அப்படியானால் தனி ஆளாகப் போய்ச் சொல்ல ஒரு வாசல் ஒழுங்காகத் திறந்திருக்க வேண்டும்.

எங்களுக்கு இருந்த வாசல் எஸ்.பி. ஆபீஸில் ஓ.ஆர்., ஆர்டர்லி ரூம். யூனிஃபார்மைக் கஞ்சி போட்டுத் தேய்த்துக்கொண்டு வரிசையில் நிற்க வேண்டும். என் அம்மா ஆஸ்பத்திரியில் இருந்தபோது, அது திருவிழா பந்தோபஸ்து சமயம், லீவு மறுக்கப்பட்டு நான் அங்கே போய் நின்றேன். வாசலில் முகாம் எழுத்தர். உள்ளே போய், "லீவு கேட்டு ஒரு ஏட்டு வந்திருக்கார் சார்" என்று மட்டும் சொன்னார், எனக்குக் காதில் விழுந்தது. "திருவிழா முடியட்டும்" என்று உள்ளேயிருந்து பதில் வந்தது. அம்மா என்கிற சொல் கதவைத் தாண்டவே இல்லை. பக்கத்தில் பாரா நின்ற பையன், என்னோடு முன்பு வேலை பார்த்தவன், எழுத்தரிடம் போய்க் காதோடு ஏதோ சொன்னான். அவர் என்னை ஒருதரம் பார்த்துவிட்டுத் திரும்ப உள்ளே போனார். இந்தத் தடவை சரியாகச் சொல்லியிருக்க வேண்டும், அன்று மத்தியானமே தஞ்சாவூர் பஸ் ஏறிவிட்டேன்.