மரு என்று எழுதிய சீட்டு

அந்த அம்மா நீட்டிய பழைய சீட்டில் 'பால்வினை மரு' என்று இருந்தது. கையெழுத்து என்னுடையது.

மூன்று மாதம் முன்பு, கூட்டம் நெரிந்த ஒரு காலையில், திரைக்குப் பின்னால் இரண்டே நிமிடம் பார்த்து எழுதியது. மருவுக்கான அமிலத்தையும் இரண்டு முறை தொட்டு வைத்தேன். குறையவில்லை, நீர் கசிவதுதான் கூடியிருந்தது.

"அவர் போய்ப் பத்து வருஷமாச்சு டாக்டரம்மா. இது எனக்கு எங்கேருந்து வந்துச்சு?"

இந்தக் கேள்வியை அவர் முதல் தடவையே கேட்டிருப்பார். என் காதில்தான் விழவில்லை.

இந்த முறை விளக்கை இழுத்து வைத்து உட்கார்ந்து பார்த்தேன். பெண்ணுறுப்பின் தடித்த வெளியுதட்டுத் தோலில் குண்டூசித் தலையளவு கொப்புளங்கள், தவளை முட்டை போலக் கொத்துக் கொத்தாக. உள்ளே தெளிந்த நீர். இரண்டு மூன்றில் ரத்தம் கலந்து கருஞ்சிவப்பு. ஒன்றை ஊசியால் குத்தினேன். நீர் வந்தது, நிற்காமல் வந்துகொண்டே இருந்தது. மருவுக்குள் நீர் இருக்காது.

"அடிவயித்துல ஆபரேஷன் ஏதாவது?"

"கர்ப்பப்பை வாயில கேன்சர்னு எடுத்தாங்க. அப்புறம் கரண்ட் வெச்சாங்க. அது பழைய கதை, இப்ப எதுக்கு?"

குனிந்து பார்த்தேன். வலது கால் வீங்கி, அந்தச் செருப்பின் வார் மட்டும் தோலில் பதிந்திருந்தது.

இடுப்புக்குள் நிணநீர்க் கணுக்களை எடுத்து, அதே இடத்தில் கதிர்வீச்சும் கொடுத்தால், திசுக்களில் ஊறும் நிணநீர் மேலே போகும் பாதை தழும்பாகி அடைபடும். தேங்கும் நீர் தோலின் மேலடுக்கிலுள்ள நுண்குழாய்களை உப்ப வைக்கும். அதுதான் அந்தக் கொப்புளம்; நிணநீர்க் குழாய் விரிவு. சிகிச்சை முடிந்து பல வருடம் கழித்தும் வரும் என்பதால் நோயாளி அதையும் இதையும் முடிச்சுப் போடமாட்டார். முடிச்சுப் போட வேண்டியவள் நான்.

அதன் பிறகு எல்லோரிடமும் பழைய கதை கேட்கிறேன். இதே கொப்புளங்களோடு வந்த ஒரு இளம்பெண்ணுக்குச் சிறுவயதில் தொடை இடுக்கில் நெறி கட்டி உடைந்த காசநோய்த் தழும்பு இருந்தது. யானைக்கால் நோய், குடலைப் புண்ணாக்கும் குரோன் நோய், திரும்பத் திரும்ப வரும் தோலடிச் சீழ்த்தொற்று எல்லாம் இதே அடைப்பை உண்டாக்கக் கூடியவை. பிறவியிலேயே அமையும் வகை வேறு. அதில் தோலுக்கு அடியில் ஆழத்தில் நீர்ப்பைகள் இருக்கும்.

அம்மாவுக்குத் தோலில் சிறு துண்டு வெட்டிப் பயாப்சி எடுத்தோம். கதிர்வீச்சு பட்ட இடம், கண்ணை நம்பிவிட முடியாது. மேல்தோலை ஒட்டி விரிந்த குழாய்கள், ஒற்றை வரிசைச் செல் சுவர்; நிணநீர்க் குழாய்ச் சுவரை அடையாளம் காட்டும் டி2-40 சாயத்தில் நிணநீர்க் குழாய்தான் என்று உறுதியானது. புற்று இல்லை.

லேசரில் கரிக்கலாம், வெட்டியும் எடுக்கலாம். அடைப்பு உள்ளே அப்படியே இருப்பதால் திரும்ப வரலாம் என்பதை மறைக்காமல் சொன்னேன். உடையும் ஒவ்வொரு கொப்புளமும் கிருமிக்கு வாசல். குளிர்காய்ச்சலோடு தோல் சிவந்தால் அன்றே வரவேண்டும் என்றும் சொன்னேன். அவர் மனது அங்கே இல்லை.

"ஒட்டுமா?"

"ஒட்டாதும்மா. இது மருவே இல்ல. நான்தான் தப்பா எழுதிட்டேன்."

பழைய வரியை அடித்து, மேலே புதிதாக எழுதிக் கொடுத்தேன். அவர் சீட்டை வாங்கவில்லை.

"வெளிய மருமக நிக்கிறா. மூணு மாசமா என் துணியத் தனியாத்தான் துவைக்கிறா. உள்ள கூப்பிட்டு நீங்களே சொல்லிடுங்க."