ஃபோம் நிரப்பிய கிராஷ் பாக்ஸ்: ஒருவழியாக ஒழுங்காக மடிந்தது

கிராஷ் பாக்ஸ் என்றால் வண்டி மோதும்போது தான் நசுங்கி அந்த அடியை வாங்கிக்கொள்ளும் பாகம். நான் செய்தது 40 மி.மீ. சதுர அலுமினியக் குழாய், 1.2 மி.மீ. கனம், உள்ளே பாலியூரித்தேன் ஃபோம். 30 கிலோ எடையை 2 மீட்டர் உயரத்திலிருந்து அதன் மேல் விட்டோம். மூலை கிழியவில்லை, பக்கவாட்டில் சாயவில்லை. மேலிருந்து வரிசையாக மடிந்துகொண்டே வந்தது. அதே காலிக் குழாய் 65 மி.மீ. நசுங்கியது. இது 53-லேயே நின்றுவிட்டது. ஃபோம் தனியாகத் தாங்கும் விசை அற்பம்தான். ஆனால் உள்ளே வரும் மடிப்புக்கு அது முட்டுக் கொடுப்பதால் மடிப்பு சிறுத்து, எண்ணிக்கை கூடுகிறது. லாபம் அங்கேதான்.

உயிரை வாங்கியது ஃபோம் ஊற்றும் வேலை. மொத்தமாக ஊற்றினால் மேலே தோல் கட்டிவிடும், நடுவில் பொந்து விழும். கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினால் ஒவ்வொரு அடுக்குக்கும் இடையில் ஒரு தோல், அது பலவீனமான இடம். கம்பி பிரஷ்ஷை நீளமான கம்பியில் கட்டி, அந்தத் தோலைச் சுரண்டிவிட்டு அடுத்ததை ஊற்றுவதுதான் வழி. குழாயின் உள்சுவரை 120 எண் உப்புத்தாளால் தேய்த்து, தின்னர் போட்டுத் துடைக்காவிட்டால் ஃபோம் ஒட்டவே ஒட்டாது. வெட்டிப் பார்த்தால் கட்டை மாதிரி உருவிக்கொண்டு வரும். வெட்டாமலே தெரிந்துகொள்ள, ஸ்பேனரால் மெல்லத் தட்டுங்கள். ஒட்டாத இடத்தில் 'டங்' என்று கேட்கும், ஒட்டிய இடத்தில் மொத்தையான சத்தம்.

இந்த ஃபோமுக்குக் கலக்கும் திரவங்களில் ஒன்றான ஐசோசயனேட் விற்கும் ஆட்களைப் பற்றி என்ன சொல்ல? சோடா பாட்டிலில் ஊற்றித் தருகிறார்கள், தேதி கிடையாது. மழைக்காலத்தில் ஈரம் பட்டால் பாட்டிலே உப்பிவிடுகிறது. சீல் உடைக்காத டின் கிடைத்தால் விலை பார்க்காமல் வாங்கிவிடுங்கள்.

அடியின் வேகத்தைக் குழாய் எவ்வளவு கடுமையாகத் தடுக்கிறது என்பதை 'ஜி'யில் (புவியீர்ப்பு முடுக்கத்தின் மடங்கில்) அளக்கிறோம். 16 ஜி வரை மட்டும் அளக்கும் மலிவு சென்சார் இதற்கு உதவாது; முதல் அடியிலேயே உச்சத்தில் முட்டி நின்றுவிடும். 200 ஜி வரை அளக்கும் ஏடிஎக்ஸ்எல்377 என்ற சென்சாரைப் போட்டிருக்கிறேன். குழாயின் மேல்முனையில் எதிரெதிர் இரண்டு பக்கமும் வைஸில் லேசாக நசுக்கிப் பள்ளம் போட்டால், மடிப்பு தொடங்கும்போது வரும் அந்த முதல் உச்ச விசை நன்றாகவே குறைகிறது.

கோவை கரி மோட்டார் ஸ்பீட்வே பந்தயத் தடத்தில் நடக்கும், கல்லூரி மாணவர்கள் தாங்களே கார் கட்டிப் போட்டியிடும் ஃபார்முலா பாரத்துக்குப் போகும் பையன்கள் இதைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுடைய விதிப்படி 300 கிலோ எடை நொடிக்கு 7 மீட்டர் வேகத்தில் மோதும்போது சராசரி 20 ஜி, உச்சம் 40 ஜி தாண்டக் கூடாது. அந்த வேகத்துக்கு 2.5 மீட்டர் உயரம் வேண்டும், என் ஸ்டாண்டை உயர்த்தியாக வேண்டும். நான்கு குழாய்களைச் சேர்த்துக் கட்டலாமா என்றும் ஓர் ஆசை. அதற்கு முன்னால் இந்த சென்சார் டேட்டாவை, வேகமான அதிர்வு இரைச்சலை நீக்கும் 100 ஹெர்ட்ஸ் ஃபில்டரில் போட்டுப் பார்க்கும் வேலை அப்படியே கிடக்கிறது.