நாற்பத்தைந்து நிமிடம், ஐந்து தடவை

பிப்ரவரி 20, 2025, வியாழன்

ரெக்ரூட்டர் கூப்பிட்டபோது கம்பெனி பஸ் ஓ.எம்.ஆரில் மெட்ரோ வேலைக்காக அடைத்த தகரத் தடுப்புக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தது. பெரிய டெக் நிறுவனம், ஹைதராபாத், புரோகிராம் மேனேஜர் வேலை. பெயரை இங்கே எழுதப் போவதில்லை. அவர் கேட்டது மூன்றுதான்: இப்போது சம்பளம் எவ்வளவு, எதிர்பார்ப்பு எவ்வளவு, இப்போதைய வேலையை விட நோட்டீஸ் எத்தனை நாள். 90 நாள் என்றதும் அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு. பிறருக்கு சாஃப்ட்வேர் செய்து கொடுக்கும் சர்வீஸ் கம்பெனியில் பதினாறு வருடம் குப்பை கொட்டியவளிடம் வேறென்ன எதிர்பார்த்தாரோ.

ராத்திரி அத்தை இது என்ன வேலை என்று கேட்டார். கல்யாணத்தில் சமையல், பந்தல், மேளம், ஐயர் எல்லோரையும் கோத்து முகூர்த்தத்துக்குள் முடிக்கிற வேலை, ஆனால் அதில் ஒருவருக்குக்கூடச் சம்பளம் கொடுப்பது நான் இல்லை என்றேன். “அப்போ உன் பேச்சை யாரு கேப்பா?” என்றார்.

பிப்ரவரி 24, திங்கள்

படிக்க ஆரம்பித்திருக்கிறேன். 1980களில் மைக்ரோசாஃப்ட்டில் எக்செல் குழுவில் ஜேப் புளூமென்தால் என்பவர்தான் முதல் புரோகிராம் மேனேஜர் என்கிறார்கள். கோடு எழுதுபவர்களுக்கும் மார்க்கெட்டிங் ஆட்களுக்கும் நடுவில், எதைச் செய்யப்போகிறோம் என்று தெளிவாக எழுதிவைக்க ஓர் ஆள் தேவைப்பட்டிருக்கிறது. அமேசானில் 16 தலைமைக் கொள்கைகளாம். ஒவ்வொன்றுக்கும் சொந்த அனுபவத்தில் ஒரு கதை வேண்டும். எடுக்கிற ஆளின் தரம் குறையாமல் பார்த்துக்கொள்ள, ஆள் எடுக்கிற டீமைச் சேராத ‘பார் ரெய்ஸர்’ ஒருவரும் இன்டர்வியூவில் இருப்பாராம். நான் போவது அங்கே இல்லை, ஆனால் கதை கேட்பது எங்கேயும் நடக்கிறது. பதினாறு வருட வேலையில் பதினாறு கதை இல்லாமலா போகும் என்று நோட்டை எடுத்தேன். நாலு தேறியது.

மார்ச் 3, திங்கள்

பெண்ணுக்கு இன்று பிளஸ் டூ தேர்வு ஆரம்பம். அவள் மொழிப்பாடம் எழுதிய அதே காலையில் எனக்கு ஹயரிங் மேனேஜர் ரவுண்டு, அதாவது ஆள் எடுக்கிற டீமின் மேலாளரோடு இன்டர்வியூ. “உனக்கு எத்தனை மார்க்குக்கும்மா?” என்று கேட்டுவிட்டுப் போனாள்.

நல்லபடியாகவே போனது. அடுத்தது ஐந்து ரவுண்டு, ஒவ்வொன்றும் நாற்பத்தைந்து நிமிடம், ஒரே நாளில்.

மார்ச் 8, சனி

பழைய டீம் தோழி ஒருத்தி இப்போது அந்த மாதிரி ஒரு இடத்தில்தான் இருக்கிறாள். மாதிரி இன்டர்வியூ எடுத்தாள். டோக்கன் கதையைச் சொன்னேன்.

கடைகள் வாடிக்கையாளரின் கார்டு எண்ணைத் தங்களிடம் வைத்திருக்கக் கூடாது, அதற்குப் பதில் டோக்கன் என்ற மாற்று எண்தான் என்று ரிசர்வ் வங்கி சொன்ன சமயம். 2021 டிசம்பர் 31 என்றிருந்த கெடு 2022 ஜூன் 30 ஆகி, கடைசியில் செப்டம்பர் 30இல் வந்து நின்றது. எங்கள் கிளையன்ட் ஆன்லைனில் பொருள் விற்பவர். விசா, மாஸ்டர்கார்டு, ரூபே, நடுவில் பணத்தைக் கடத்திவிடும் பேமென்ட் கேட்வே, அதற்கப்பால் வங்கிகள். இணைப்பு எப்போது தயாராகும் என்பதையே எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆனால் வாடிக்கையாளரின் சம்மதமும் ஓ.டி.பி.யும் இல்லாமல் பழைய கார்டை டோக்கனாக மாற்ற முடியாது. எங்கள் ஏற்பாட்டில், அவர் திரும்ப வந்து ஒரு தடவையாவது பணம் கட்டினால்தான் அது நடக்கும். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை சாமான் வாங்குகிறவரை, டெவலப்பர்கள் ராத்திரியெல்லாம் கண்விழித்தாலும் முன்கூட்டி வரவழைக்க முடியுமா? ஆக, நாளைத் தின்பது கோடிங் இல்லை. எந்த நெட்வொர்க் முதலில் தயாராகிறதோ அதை உடனே திறந்துவிடலாம், மற்றதற்காகக் காத்திருக்க வேண்டாம் என்று முடிவானது. கெடு தள்ளிப்போனபோது ஆட்களை வேறு வேலைக்கு இழுக்கப் பார்த்தார்கள், அதற்கும் விடவில்லை.

தோழி ஒரு காகிதத்தைக் கேமராவில் காட்டினாள். நிறையக் கோடுகள். “இருபத்து மூணு தடவை ‘வீ’ சொன்னே. ‘ஐ’ ரெண்டே தடவை. அதுல ஒண்ணு ‘ஐ திங்க்’. யாருடீ முடிவெடுத்தது?”

நான்தான். அதைச் சொல்ல வாய் வரவில்லை. தமிழிலாவது நாம், நாங்கள் என்று இரண்டு வைத்திருக்கிறோம், கேட்கிற ஆள் உள்ளேயா வெளியேயா என்பதாவது தெரியும். ஆங்கிலத்தில் அதுவும் இல்லை. நான் எங்கே போய் ஒளிந்தேன் என்று கேட்கிறவருக்கு எப்படித் தெரியும்? “முடிவானது” என்று மேலே எழுதியிருக்கிறேனே, இதோ இப்போதுகூட.

மார்ச் 13, வியாழன்

முடிந்தது. தொண்டை கட்டிவிட்டது.

முதல் ரவுண்டு சாதாரணம். இரண்டாவது சிஸ்டம் டிசைன்: போட்டோக்களை வைத்திருக்கும் ஒரு சர்வீஸை, ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு டேட்டா சென்டரிலிருந்து இன்னொன்றுக்கு மாற்ற வேண்டும். கொஞ்ச நாள் இரண்டிலும் எழுதுவோம், பயன்படுத்துகிறவர்களைப் படிப்படியாகப் புதியதற்கு மாற்றுவோம், திரும்பி வர வழி வைப்போம் என்றேன். “ஒன்றில் எழுதியது பதிவாகி, மற்றதில் தோற்றால் எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்?” சுற்றி வளைத்தேன். இரண்டையும் ஓயாமல் ஒப்பிட்டுக்கொண்டே இருக்க ஒரு வேலையைத் தனியாக ஓடவிட வேண்டும், அந்த வித்தியாசம் பூஜ்யம் ஆகும்வரை பழையதை மூடக் கூடாது. இது சாயங்காலம் பாத்திரம் கழுவும்போது வந்தது.

மூன்றாவதில் அத்தையின் கேள்வி அப்படியே வந்தது. உங்களுக்கு ரிப்போர்ட் செய்யாத டீம் உங்கள் தேதியை மதிக்கவில்லை, என்ன செய்வீர்கள்? சிரித்துவிட்டேன். அவர்கள் பட்டியலில் என் வேலை எத்தனாவது என்று முதலில் கேட்பேன், ஏழாவது என்றால் கோபப்பட்டு என்ன பயன் என்றேன். எதைக் குறைத்தால் நகரும் என்று சேர்ந்து பார்ப்போம். அதிலும் நகராவிட்டால், அந்த டீம் லீடையும் கூட்டிக்கொண்டு ஒரே பக்கக் குறிப்போடு மேலே போவேன். அவருக்குத் தெரியாமல் போக மாட்டேன்.

நான்காவதில் தோல்விக் கதை. தர்பூசணி ரிப்போர்ட் பற்றிச் சொன்னேன், வெளியே பச்சை, உள்ளே சிவப்பு: எல்லாம் சரி என்று காட்டும், உள்ளே வேலை சிக்கலில் இருக்கும். ஐந்து வாரம் நானே பச்சை என்று அனுப்பினேன். டெஸ்டிங் டீம் பெண் இரண்டு தடவை எச்சரித்தாள், நான் கேட்கவில்லை. ‘ஐ’ தடையில்லாமல் வந்தது. தப்பைச் சொல்ல மட்டும் நாக்கு எப்படிப் புரள்கிறது பாருங்கள்.

ஐந்தாமவர் தட்டச்சு செய்துகொண்டே இருந்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

மார்ச் 21, வெள்ளி

ஒரு தகவலும் இல்லை. மெயில் போட்டேன். பதிலும் இல்லை.

மார்ச் 28, வெள்ளி

பெண்ணுக்குப் பரீட்சை முடிந்து வீட்டில் டிவி சத்தம் திரும்பிவிட்டது. நாலரைக்கு ரெக்ரூட்டர். எடுத்துக்கொள்கிறோம், ஆனால் விண்ணப்பித்ததைவிட ஒரு லெவல் கீழே. நான் காட்டிய வேலையெல்லாம் ஒரு கிளையன்ட்டுக்குள் அடங்கியதாம், மேல் லெவலுக்குப் பல பிரிவுகளைக் கட்டி மேய்த்த அனுபவம் வேண்டுமாம். டிசைன் ரவுண்டையும் மென்மையாகத் தொட்டார். அது நியாயம். முதல் காரணம் பாதிதான் நியாயம். மூன்று நெட்வொர்க்கும் அத்தனை வங்கிகளும் ஒரு கிளையன்ட்டுக்குள்ளா இருந்தன? கேட்டேன். ஆள் எடுப்பதைத் தீர்மானிக்கும் கமிட்டியின் முடிவு, மாற்ற முடியாது என்றார். அப்படியானால் சேரும்போது தரும் போனஸைக் கூட்டுங்கள், நோட்டீஸ் நாட்களுக்குப் பதில் பணம் கட்டி முன்கூட்டியே விலகும் செலவும் உங்களுடையது என்றேன். “நான் எதிர்பார்ப்பது இது” என்று சொன்னதைச் சமையலறையிலிருந்து அத்தை கேட்டுக்கொண்டிருந்தார்.

பங்குகள் நாலு வருடத்தில் பிரித்துத் தருவார்கள் என்றார் ரெக்ரூட்டர். திங்கட்கிழமைக்குள் பதில் வேண்டுமாம். நானும் அவரிடம் திங்கட்கிழமைக்குள்தான் பதில் கேட்டிருக்கிறேன்.